காம்ரி வைத்திருக்கும் மாப்பிள்ளைக்கு

அன்புள்ள மாப்பிள்ளை,

போன மாதம் சிகாகோ பக்கத்து நேப்பர்வில்லுக்கு உங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது சாப்பாட்டு மேஜையில் ஒரு கேள்வி கேட்டீர்கள். “மச்சான், இத்தனை வருஷம் ஆகியும் உங்களுக்குப் புத்தி வரலையா? நம்ம ஆளுங்க எல்லாம் டொயோட்டா, ஹோண்டான்னு நிம்மதியா இருக்காங்க. நீங்க மட்டும் என்ன விசுவாசத்துல அமெரிக்கக் காரைக் கட்டிக்கிட்டு அழறீங்க?” எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வாய் நிறைய வத்தக்குழம்புச் சோறு இருந்ததால் பதில் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து யோசித்தால் பதில் நீளமாகப் போகிறது. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவீர்கள். அதனால் இங்கே எழுதுகிறேன். நாலு பேர் படித்துவிட்டு உங்களிடம் கேட்டால் நீங்களும் படித்துத்தான் ஆக வேண்டும்.

முதலில் உங்கள் பக்கத்து நியாயத்தை ஒப்புக்கொள்கிறேன். அந்த ஜனவரி இரவு, ஐ-94 நெடுஞ்சாலையில், மிச்சிகன் மாநிலத்துக் கலமசூ ஊர்ப் பக்கம் என் செடானின் கியர்பாக்ஸ் கையை விரித்தபோது, பனியில் காரோட்டி வந்து எங்கள் நாலு பேரையும் ஏற்றிக்கொண்டு போனது உங்கள் டொயோட்டா காம்ரிதான். வழி நெடுக நீங்கள் ஒரு வார்த்தை கிண்டல் செய்யவில்லை. அதுதான் அதிகமாக வலித்தது. அந்தச் செடானைச் செய்தது எந்த நிறுவனம் என்று இங்கே எழுத மாட்டேன். வீட்டுக் குறையை ஊரில் சொல்லும் பழக்கம் எனக்கில்லை.

அன்று இன்னொன்றும் சொன்னீர்கள். உங்கள் காம்ரி கென்டக்கி மாநிலத்து ஜார்ஜ்டவுனில் செய்தது, ஆகவே என் வண்டிகளைவிட அதுதான் அசல் அமெரிக்கன் என்று. சரிதான். 1988-லிருந்து அங்கே காம்ரி செய்கிறார்கள். உங்கள் கட்சிக்கு நானே இன்னும் கொஞ்சம் ஆதாரம் தருகிறேன். அமெரிக்க முரட்டுத்தனத்தின் அடையாளம் என்று கொண்டாடிய டாட்ஜ் சேலஞ்சர் கனடாவின் பிராம்ப்டனில் செய்தது. ஃபோர்டின் பழைய மஸ்டாங் பெயரை ஒட்டிக்கொண்டு வந்த மின்சார மாக்-ஈ மெக்சிகோவிலிருந்து வருகிறது. டாட்ஜின் தாய் நிறுவனத்துக்குப் பதிவு முகவரி நெதர்லாந்து. எல்லாவற்றையும் விட, சில வருஷம் ஃபோர்டு இங்கே விற்ற ஈகோஸ்போர்ட் நம் மறைமலைநகரிலிருந்து கப்பலேறி வந்தது. சேஸிஸ் எண் எம்ஏஜே என்று தொடங்கினால் ஃபோர்டின் இந்திய வண்டி என்று அர்த்தம். ஒருமுறை கடை வாசலில் நின்ற ஈகோஸ்போர்ட்டின் கண்ணாடி வழியாக அந்த எண்ணைக் குனிந்து படித்துக்கொண்டிருந்தேன். காரின் சொந்தக்காரர் வந்து, என்ன வேண்டும் என்று கொஞ்சம் கடுமையாகவே கேட்டார். எங்கள் ஊர் வண்டி என்றேன். அவருக்குப் புரியவில்லை.

ஆக, தொழிற்சாலை முகவரியைப் பார்த்து நான் இந்தக் கார்களை விரும்பவில்லை. நீங்கள் சொன்ன அந்த விசுவாசம் என்ற சொல்தான் எனக்கு உறுத்துகிறது. அதற்குக் காரணம் வுட்வர்ட் அவென்யூ.

ஆகஸ்ட் மாதம் மூன்றாவது சனிக்கிழமை நான் வருஷா வருஷம் போய் உட்காரும் சாலைதான் அது. அமெரிக்கக் கார்களின் ஊரான டெட்ராய்ட்டில் தொடங்கி வடமேற்கே பான்டியாக் வரை போகிறது. 1995-ல் ஃபெர்ன்டேலில் ஒரு கால்பந்து மைதானத்துக்குப் பணம் திரட்ட ஆரம்பித்த பழைய கார் ஊர்வலம், இப்போது திருவிழாவாகிவிட்டது. மடக்கு நாற்காலி, தண்ணீர்ப் பாட்டில், தொப்பியோடு சாலையோரம் உட்கார்ந்தால் பொழுது போவதே தெரியாது. அதே சாலையில் ஹைலேண்ட் பார்க்கில்தான் ஹென்றி ஃபோர்டு 1913-ல் நகரும் அசெம்ப்ளி லைனை, அதாவது கார் நகர்ந்து வர ஆட்கள் நின்ற இடத்திலேயே பாகங்களைப் பூட்டும் முறையை, ஓட்டிக் காட்டினார். அதே ஹைலேண்ட் பார்க்கில், அதே வுட்வர்ட் சாலையில், 1982 ஜூன் மாதம் ஒரு உணவக வாசலில் வின்சென்ட் சின் என்ற 27 வயதுப் பையனை பேஸ்பால் மட்டையால் அடித்தார்கள். நாலு நாளில் இறந்துபோனான். அடித்தது கிரைஸ்லர் ஆலையில் மேற்பார்வையாளராக இருந்தவரும் அவருடைய வளர்ப்பு மகனும். ஜப்பான் கார்கள் வந்து டெட்ராய்ட்டில் வேலை போய்க்கொண்டிருந்த காலம். உங்களால்தான் எங்களுக்கு வேலை போயிற்று என்று திட்டியதைக் கேட்டதாகச் சாட்சி உண்டு. வின்சென்ட் ஜப்பானியன்கூட இல்லை, சீனக் குடும்பத்துப் பிள்ளை. அடுத்த வாரம் கல்யாணம். கல்யாணத்துக்கு அழைத்திருந்தவர்கள் சாவுக்கு வந்தார்கள். நீதிபதி கொடுத்த தண்டனை, மூன்று வருஷ நன்னடத்தைக் கண்காணிப்பும் 3,000 டாலர் அபராதமும். சிறை கிடையாது.

அந்தக் காலத்தில் இங்கே தொழிற்சங்க அலுவலக வாசல்களில் வெளிநாட்டுக் கார் நிறுத்தக்கூடாது என்று பலகை வைத்திருந்தார்கள். அந்தப் பலகையை எழுதியவர்களும் தங்களுடையதை விசுவாசம் என்றுதான் சொல்லியிருப்பார்கள். அதனால்தான் மாப்பிள்ளை, நீங்கள் விளையாட்டாகச் சொன்னாலும் அந்தச் சொல்லை என் மேல் ஒட்டிக்கொள்ளத் தயக்கமாக இருக்கிறது. ஆசை என்று சொல்லுங்கள். பைத்தியம் என்றால்கூடப் பரவாயில்லை, உங்கள் தங்கச்சி ஏற்கெனவே அப்படித்தான் சொல்கிறாள்.

அந்தப் பைத்தியம் எங்கிருந்து வந்தது என்று உங்களுக்குத் தெரியாது. சின்ன வயதில் திருநெல்வேலியில் எங்கள் வீட்டுக்கு எதிரே அம்பாசிடர் டாக்ஸி ஸ்டாண்டு. காலையில் வண்டி கிளம்பவில்லையென்றால் டிரைவர் அண்ணன் பானட்டைத் தூக்கி, தீப்பொறியைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றி, உள்ளே இருக்கும் பாயிண்டை உப்புத்தாளால் தேய்ப்பார். மூடியைப் பிடித்துக்கொண்டு நிற்பது என் வேலை. அப்புறம் ஒரு இருமல், வண்டி கிளம்பிவிடும். என் 1966 மஸ்டாங்கின் பானட்டை முதல் தடவை திறந்தபோது அதே டிஸ்ட்ரிபியூட்டர், அதே பாயிண்டு, அதே பெட்ரோல் வாசனை. பேரம் பேச மறந்துவிட்டேன். உங்கள் தங்கை, அதாவது என் வீட்டுக்காரி, அதை இன்னும் சொல்லிக் காட்டுகிறாள்.

அதுவும் எட்டு சிலிண்டர் வி-8 இல்லை. ஆறு சிலிண்டர்தான், 200 கன அங்குலம், 120 குதிரைத்திறன். உங்கள் காம்ரி அதை நின்ற இடத்திலிருந்து தோற்கடிக்கும். பழைய கார் ரசிகர்கள் தூரத்திலிருந்தே சக்கரத்தைப் பார்ப்பார்கள். நாலு நட்டு என்றால் ஆறு சிலிண்டர், ஐந்து என்றால் வி-8. என் வண்டியின் நாலு நட்டைப் பார்த்ததும் சிலருக்கு முகம் மாறிவிடும். 1964-ல் மஸ்டாங் வந்தபோது 2,368 டாலர் என்று விளம்பரம் செய்தது இந்த ஆறு சிலிண்டர் வண்டியைத்தான். ஃபால்கன் என்ற சாதாரணக் குடும்பக் காரின் அடிப்பாகத்தை எடுத்து, நீண்ட முகமும் குட்டை வாலும் வைத்து, பள்ளிக்கூட டீச்சரும் வாங்கலாம் என்று விற்றார்கள். இரண்டு வருஷம் முடியும் முன்பே பத்து லட்சம் வண்டி. ஃபெராரி வைத்திருப்பவர் மேல் எனக்குப் பொறாமை கிடையாது. பார்க்க அழகாக, கைக்கு எட்டும் விலையில், வீட்டு வாசலிலேயே பழுது பார்க்கும்படி ஒன்றைச் செய்தார்களே, எனக்கு அந்தக் கெட்டிக்காரத்தனம்தான் பிடிக்கிறது. குறைகளும் தெரியும். நாலு சக்கரத்துக்கும் டிரம் பிரேக், ஒரே ஹைட்ராலிக் இணைப்பு. எங்கே கசிந்தாலும் மொத்தமும் போச்சு. பெட்ரோல் டாங்கியின் மேல்தகடுதான் டிக்கியின் தரை. பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் போக மாட்டேன்.

சரி, பழசை விடுங்கள், புதுசில் என்ன இருக்கிறது என்பீர்கள். ஸோரா ஆர்கஸ்-டன்டோவ் என்ற எஞ்சினியர் கதையைச் சொல்கிறேன். 1909-ல் பிரஸ்ஸல்ஸில் பிறந்த ரஷ்ய யூதர். ஹிட்லரிடமிருந்து தப்பி நியூயார்க் வந்தவர். 1953-ல் வால்டார்ஃப் அஸ்டோரியா ஓட்டலில் நடந்த கண்காட்சியில் ஷெவ்ரோலேவின் ஸ்போர்ட்ஸ் காரான முதல் கார்வெட்டைப் பார்த்தார். உடம்பு அழகு, உள்ளே ஆறு சிலிண்டரும் இரண்டே கியரும். ஷெவ்ரோலேவுக்குக் கடிதம் எழுதி, அங்கேயே வேலையில் சேர்ந்தார். கார்வெட் ஓடக் கற்றுக்கொண்டது அவரிடம்தான். எஞ்சினை டிரைவருக்குப் பின்னால் வைக்க வேண்டும் என்று காலமெல்லாம் மேலிடத்தோடு மல்லுக்கட்டினார். 1960-லேயே பரிசோதனை வண்டி செய்து காட்டினார். நடக்கவில்லை. 1975-ல் ஓய்வு பெற்றார், 1996-ல் காலமானார். 2019-ல்தான் எஞ்சினைப் பின்னால் வைத்து எட்டாம் தலைமுறை கார்வெட்டான சி8 வந்தது. அவருடைய அஸ்தி கென்டக்கியில் பௌலிங் கிரீன் கார்வெட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 2014-ல் அந்தக் கட்டடத்தின் தரை திடீரென்று உள்வாங்கி எட்டு கார்வெட்டுகளை விழுங்கியது. எடுத்ததில் மூன்றைச் சரிசெய்தார்கள், ஐந்தை நசுங்கியபடியே விட்டுவிட்டார்கள். நான் போனபோது நசுங்கியதன் முன்னால்தான் கூட்டம்.

சி8-ன் சாதாரண எஞ்சினில் எனக்குப் பிடித்தது இதுதான்: பக்கத்துப் பக்கத்து சிலிண்டர்களின் நடுப்புள்ளிகளுக்கு இடையே 4.4 அங்குலம். 1955-ல் ஷெவ்ரோலே போட்ட முதல் சின்ன வி-8-லும் அதே 4.4 தான். மற்றதெல்லாம் மாறிவிட்டது. தூண்களை நகர்த்தாமல் பாட்டன் வீட்டை இடித்து இடித்துக் கட்டியது போல.

ஆனால் உங்கள் பக்கம் சேரும் ஒரு கோபம் எனக்கும் உண்டு. 2018-ல் ஃபோர்டு, மஸ்டாங்கை வைத்துக்கொண்டு செடான்களை இங்கே படிப்படியாக நிறுத்தப்போவதாக அறிவித்தது. மஸ்டாங்குக்குப் போட்டியான ஷெவ்ரோலே கமாரோ 2024 மாடலோடு நின்றது. எல்லாரும் டிரக்கும் எஸ்யூவியுமாகச் செய்கிறார்கள், லாபம் அதில்தான். சாதாரண ஆள் வாங்கும் அழகான காரைச் செய்துகாட்டிய ஊர், அந்த வேலையை ஜார்ஜ்டவுன் காம்ரிக்கு விட்டுக்கொடுத்துவிட்டது. அடுத்த வண்டி எது என்று வீட்டில் கேட்டால் நான் பேச்சை மாற்றுகிறேன்.

போன கோடையில் எங்கள் கராஜில் மஸ்டாங்கில் ஏறி உட்கார்ந்தீர்கள். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தீர்கள். சாவி எங்கே என்று கேட்டீர்கள். அதற்குள் தங்கச்சி சாப்பிடக் கூப்பிட்டுவிட்டாள். நான் அதை மறக்கவில்லை.

இந்த ஆகஸ்டில் வெள்ளிக்கிழமை இரவே வந்துவிடுங்கள். சனிக்கிழமை வுட்வர்டில் நீங்கள் ஓட்டுங்கள். சாவி போடும் முன் ஆக்ஸிலேட்டரை இரண்டு தடவை மிதித்துவிட்டுக் காலை எடுத்துவிட வேண்டும். பிரேக்கை, நீங்கள் நினைக்கும் இடத்துக்கு ரொம்ப முன்னாலேயே மிதிக்க வேண்டும். தலை சாய்க்க ஒன்றும் கிடையாது. காம்ரியை கராஜுக்குள்ளேயே விடலாம், இடம் ஒழித்து வைக்கிறேன். வரும் வழியில் கலமசூ பக்கம் நின்றுவிட்டால் போன் பண்ணுங்கள், மஸ்டாங்கில் வந்து கூட்டிக்கொண்டு போகிறேன். நிற்காது என்று தெரியும். ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.

அன்புடன்,
உங்கள் மச்சான்