யாரு போய் அளந்தது?

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

இதை அண்ணிதான் போனில் உங்களுக்கு வாசித்துக் காட்டவேண்டும். அண்ணி, கொஞ்சம் நிறுத்தி வாசியுங்கள். நடுவில் பெரியப்பா கேள்வி கேட்பார்.

மே மாதம் நான் முட்டத்துக்கு வந்திருந்தபோது ஒரு ராத்திரி கரண்ட் போய், மாடியில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தோமே, நினைவிருக்கிறதா? தெற்கே கடலுக்கு மேலே குருசு வெள்ளி, புத்தகத்தில் தென்சிலுவை என்கிற நட்சத்திரக் கூட்டம், நிமிர்ந்து நின்றது. அதற்கு இடப்பக்கம், குருசுக்குக் காவல் நிற்பதுபோல இரண்டு வெள்ளி. அதில் குருசை விட்டுத் தள்ளி நிற்கிற ஆல்ஃபா சென்டாரியைக் காட்டி, "சூரியனை விட்டால் கண்ணுக்குத் தெரிகிற நட்சத்திரங்களில் நமக்குப் பக்கத்தில் இருப்பது இதுதான். 41 லட்சம் கோடி கிலோமீட்டர்" என்றேன். நீங்கள் வாயைப் பிளப்பீர்கள் என்று பார்த்தால், "யாரு மக்ளே போய் அளந்தது?" என்று கேட்டீர்கள். நான் ஒளியாண்டு அது இது என்று இழுத்தேன். "சரி, சாப்பிட வா" என்று எழுந்துவிட்டீர்கள்.

பெங்களூரு வந்த பிறகும் அந்தக் கேள்வி விடவில்லை. அப்புறம்தான் தோன்றியது, பதில் உங்களிடமே இருக்கிறது.

எனக்குப் பன்னிரண்டு வயதில் என்னை வள்ளத்தில் ஏற்றிப் போனீர்கள். நான் வாந்தி எடுத்தது போக மீதி நேரத்தில் கணிச்சம், கரையைப் பார்த்துக் கடலில் இடம் குறிக்கிற வித்தை, காட்டித் தந்தீர்கள். கரையில் ஒரு கோயில் கோபுரம், அதற்குப் பின்னால் தூரத்தில் ஒரு மலை. இரண்டும் ஒரே நேர்கோட்டில் வரவேண்டும். கிழக்குப் பக்கம் அதேபோல இன்னொரு ஜோடி. இரண்டு கோடும் வெட்டுகிற இடத்தில்தான் கீழே பார், அதாவது கடலடிப் பாறை, கிடக்கிறது, அங்கேதான் தூண்டில். (எந்தக் கோபுரம், எந்த மலை என்று எழுதவில்லை, பயப்படாதீர்கள். உங்கள் கணிச்சம் உங்களுடையது.) வள்ளம் நீவாட்டில், கடல் நீரோட்டத்தில், கொஞ்சம் இழுபட்டதும் கோபுரம் மலையை விட்டு விலக ஆரம்பித்தது. "பாத்தியா, கிட்ட நிக்கது ஓடும், தூரத்துல நிக்கது ஓடாது" என்றீர்கள்.

நட்சத்திரத்தை அளந்ததும் இதே வித்தையில்தான், பெரியப்பா. யாரும் போகவில்லை. போகவும் முடியாது. 1977இல் அனுப்பிய வாயேஜர் 1 விண்கலம் நொடிக்கு 17 கிலோமீட்டர் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த வேகத்தில் அவ்வளவு தூரம் போக எழுபதாயிரம் வருடத்துக்கு மேல் ஆகும்.

பூமிதான் வள்ளம். சூரியனைச் சுற்றுவதால் ஆறு மாதத்தில் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு, 30 கோடி கிலோமீட்டர் தள்ளிப் போய்விடுகிறது. இன்று ஒருமுறை பார், ஆறு மாதம் கழித்து ஒருமுறை பார். கிட்டத்து வெள்ளி கோபுரம்போல நகர்ந்திருக்கும், பின்னால் இருப்பவை மலைபோல நிற்கும். விலகலை அளந்தால் தூரம் கிடைத்துவிடும்.

ஆனால் அந்த விலகல் எவ்வளவு என்று கேளுங்கள். கரையில் நீங்கள் நிற்கிறீர்கள், மூன்று கிலோமீட்டர் தள்ளிக் கடலில் வள்ளத்தில் ஒருவர் ஒரு ரூபாய் நாணயத்தைப் பிடித்துக் காட்டுகிறார். அந்த நாணயத்தின் அகலம்தான். பக்கத்து வெள்ளிக்கே இந்தக் கதி. அதனால்தான் 1838 வரை யாராலும் முடியவில்லை. ஜெர்மன் வானியலாளர் பெஸ்ஸல், அன்னப்பறவை மண்டலத்தில் ஒரு மங்கலான நட்சத்திரத்துக்கு முதலில் தூரம் சொன்னார்.

எனக்கு அவரைவிட ஹெண்டர்சனைத்தான் பிடிக்கும். ஸ்காட்லாந்துக்காரர். 1832, 33இல் ஆப்பிரிக்காவின் தெற்குப் பக்கம், நன்னம்பிக்கை முனையில் இருந்து, நாம் பார்த்த அதே வெள்ளியை அளந்தார். பெஸ்ஸலின் ஊரில் அது அடிவானத்துக்கு மேலேயே வராது. ஹெண்டர்சன் கணக்கை நம்பாமல் தள்ளிப்போட்டு 1839இல்தான் வெளியிட்டார். அதற்குள் முதல் பெயர் பெஸ்ஸலுக்குப் போய்விட்டது. கணிச்சம் சரியாக விழுந்தும் தூண்டில் போடத் தயங்கிய ஆள்.

இன்னொன்று சொல்லாமல் விட்டேன். காவல் நிற்கிற அந்த இரண்டும் ஜோடி இல்லை. ஒன்றின் வெளிச்சம் நாலரை வருடத்துக்குள் வந்துவிடுகிறது. குருசுக்குப் பக்கத்தில் நிற்பதன் வெளிச்சத்துக்கு நானூறு வருடம் சுமார் ஆகிறது, மதுரையில் திருமலை நாயக்கர் ஆண்ட காலம். ராத்திரிக் கடலில் இரண்டு விளக்கு தெரிந்தால் எது கிட்ட, எது எட்ட என்று சொல்ல முடியாது என்பீர்களே, அதேதான். இதுபோல நம் பால்வீதியில் மட்டும் பத்தாயிரம் கோடி விளக்குக்கு மேல்.

அன்று ராத்திரி, "இதில் பூமி ஒரு தூசு" என்றும் சொன்னேன். நீங்கள் அலட்டிக்கொள்ளவே இல்லை. எங்களைப்போல ஆபீசுக்குள் இருப்பவர்களுக்குத்தான் அது செய்தி. கரை மறைகிற தூரம் போய்த் திரும்பியவருக்கு, ஒக்கி புயல் அடித்தபோது எட்டு நாள் கரையில் நின்று கடலையே பார்த்துக்கொண்டிருந்தவருக்கு, நான் போய்ச் சின்னதைப் பற்றிப் பாடம் எடுத்தேன்.

தை மாதம் வருகிறேன். அப்போது குருசு விடியற்காலை ஐந்து மணிக்குத் தெற்கே நிற்கும், நீங்கள் எப்படியும் விழித்திருப்பீர்கள். மே மாதம் பார்த்த இடத்திலிருந்து பூமி 26 கோடி கிலோமீட்டர் தள்ளி வந்திருக்கும், மாடி மட்டும் அதே மாடி. பெரியம்மையிடம் சொல்லி மரச்சீனியும் சாளையும் வைக்கச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் தம்பி மகன்