துணைக் குத்தகைத் தொழிலாளர்களின் பெயர் முதல் நாளே பதிவாக வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கோலாலம்பூர் கட்டுமான நிறுவனங்களில் பன்னிரண்டு ஆண்டுகளாக மனிதவள அதிகாரியாகப் பணியாற்றி வருகிறேன். ஆள் எடுப்பது, சம்பளக் கணக்கு, அந்நியத் தொழிலாளர்களின் பெர்மிட், அவர்களுக்கான ஃபோமெமா மருத்துவப் பரிசோதனை, கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியத்தின் (சிஐடிபி) அட்டை, தங்கும் விடுதி என எல்லாமே எங்கள் ஒரு மேசைக்குத்தான் வந்து சேரும். இவற்றுள் என் மனத்தை இன்றும் உறுத்துவது, முதன்மை நிறுவனத்திடமிருந்து வேலையின் ஒரு பகுதியை ஏற்றுச் செய்யும் துணைக் குத்தகையாளரின் கீழ் வேலை செய்வோரின் பெயர்ப் பதிவு.

சில ஆண்டுகளுக்கு முன் நான் பொறுப்பேற்றிருந்த ஒரு தளத்தில் கம்பி கட்டும் தொழிலாளி ஒருவர் சாரத்திலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டார். அவருடைய விவரங்களுக்காகத் துணைக் குத்தகையாளரின் வேலைநாள் நோட்டைக் கேட்டு வாங்கினேன். சிமெண்ட் கறை படிந்த பக்கத்தில் பென்சிலால் 'மீசை 24, தம்பி 26' என்று பட்டப்பெயரும் வேலை நாள் எண்ணிக்கையும் மட்டுமே எழுதியிருந்தது. அந்தத் 'தம்பி'தான் மருத்துவமனையில் கிடந்தவர். முழுப்பெயர் இல்லை, அடையாள அட்டை எண் இல்லை. சம்பளம் ரொக்கமாகக் கொடுக்கப்பட்டதால் சீட்டும் இல்லை. தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவுக்குச் சந்தா ஒரு காசுகூடக் கட்டப்படவில்லை. வேலையிட விபத்தை முதலாளி 48 மணி நேரத்திற்குள் சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. ஆனால், அவர் அங்கே வேலை செய்தார் என்பதை நிரூபிக்கவே வாரக்கணக்கில் ஆயிற்று. அதுவரை அவருடைய தாயார், மருத்துவமனைத் தாள்களை ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொண்டு, எங்கள் காவலர் கூண்டருகே வந்து நின்றார். 2019 முதல் அந்நியத் தொழிலாளர்களுக்கும் சொக்சோ பாதுகாப்பு உண்டு என்பதால், தமிழ்நாட்டிலிருந்து வந்து உழைப்பவர்களுக்கும் இதே கவலை பொருந்தும்.

சம்பளம் நிலுவையாகும்போதும் நிலைமை இதுதான். துணைக் குத்தகையாளர் சம்பளம் தராவிட்டால், தொடர்ந்து மூன்று மாதம் வரையிலான சம்பளத்திற்கு முதன்மைக் கட்டுமான நிறுவனமும் பொறுப்பு என்று 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின் 33ஆம் பிரிவு கூறுகிறது. ஆயினும் சம்பளம் சேர வேண்டிய நாளிலிருந்து 90 நாட்களுக்குள் தொழிலாளி வழக்கைத் தொடங்கியிருக்க வேண்டும் அல்லது தொழிலாளர் இலாகாவில் புகார் கொடுத்திருக்க வேண்டும். "அடுத்த வாரம் பணம் வந்துவிடும்" என்ற பேச்சை நம்பியே பலர் அந்த நாட்களைக் கடத்திவிடுகிறார்கள் என்பதை வேதனையோடு எழுதுகிறேன்.

எனவே, துணைக் குத்தகையாளரின் மாதாந்திரக் கட்டணத்தை விடுவிக்கும் முன், அவருடைய ஆட்களின் சம்பளச் சீட்டு நகலையும் சொக்சோ, ஊழியர் சேமநிதி (இபிஎஃப்) ரசீதுகளையும் முதன்மை நிறுவனங்கள் கட்டாயம் கேட்டு வாங்க வேண்டும். நான் இப்போது இருக்கும் இடத்தில் அவ்வாறே செய்கிறோம். முதல் சில மாதங்கள் வாக்குவாதமாகத்தான் இருந்தது; பிறகு முழுப்பெயரும் அடையாள அட்டை எண்ணும் கொண்ட பட்டியல்கள் தாமாகவே வரத் தொடங்கின.

தொழிலாளத் தோழர்களும் சம்பளச் சீட்டைக் கேட்டு வாங்கத் தயங்கக் கூடாது. அது கிடைக்காத இடத்தில், வேலை செய்த நாட்கள், தளத்தின் பெயர்ப்பலகை, மேற்பார்வையாளரின் பெயர் ஆகியவற்றைக் கைப்பேசியில் பதிந்து வைத்திருந்தால், தொழிலாளர் இலாகாவில் புகார் கொடுக்கும் நாளில் அவை கைகொடுக்கும்.

இப்படிக்கு,
மனிதவள அதிகாரி ஒருவர்,
செந்தூல், கோலாலம்பூர்.