மூணு பாட்டுக்காவது டிராக்கை நிறுத்துங்க: ஆல்டோ வரிசையில இருந்து ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஆயர் ஐயாவுக்கும், கமிட்டி பெரியவங்களுக்கும், கொயர் மாஸ்டர் அண்ணனுக்கும், சவுண்ட் பாக்குற தம்பிங்களுக்கும் ஸ்தோத்திரம்.

கமிட்டில உக்காந்து பேசுற இடத்துல நான் இல்ல, பிராக்டிஸ்ல பேச ஆரம்பிச்சா டைம் ஆச்சு டைம் ஆச்சுன்னு அடுத்த பாட்டுக்குப் போயிடுறோம், அதான் டிராக்குன்னு பாட்டுக்குப் பின்னாடி போடுறோமே, அந்தப் பதிவு பண்ணின இசையைப் பத்தி சபையில எல்லாரும் படிக்கிற மாதிரியே எழுதிடுறேன். இந்த கொயர்ல 22 வருஷமா ஆல்டோ, அதாவது பொம்பளைங்க குரல்ல கீழ் பார்ட், பாடுறேன். இவ்ளோ நாள்ல எதையும் கேட்டு எழுதினதில்ல, இது முதல் தடவை.

போன மாசம் எங்க அண்ணன் பையன் என் போன்ல ஒரு கிறிஸ்துமஸ் ஆல்பம் போட்டுக் குடுத்தான். டேக் 6-னு ஒரு குரூப், ஆறு ஆம்பளைங்க, 'ஹீ இஸ் கிறிஸ்மஸ்'னு 1991-ல வந்த ஆல்பம். டெய்லி டோல்கேட்ல மெட்ரோ ஏறி ஹைகோர்ட்ல எறங்குறவ நான், அந்த நேரம் பூரா இதுதான் காதுல ஓடுது, ஒரு வாரமா வேற எதுவும் கேக்கல. பெரும்பாலும் வாய் மட்டும்தான். அடில பேஸ் கிட்டார் மாதிரி உருளுதே அதுவும் ஒரு மனுஷன் தொண்டை, ஆல்வின் சீன்னு பேரு. எனக்கு மெலடி மேல காது போகவே மாட்டேங்குது, ரெண்டாவது குரல் எங்க போகுது, மூணாவது குரல் எங்க நிக்குதுன்னு தேடிக்கிட்டே இருக்கேன், ஆல்டோ பாடுறவங்களுக்கு இது பழக்கம், எந்தப் பாட்டு கேட்டாலும் நடுவுல இருக்கிறவங்களைத்தான் தேடுவோம். ஒருத்தர் ஒரே நோட்ல அசையாம நிக்கிறார், சுத்தி இருக்கிற மத்தவங்க ஒவ்வொருத்தரா நகர்றாங்க, அவர் மாத்தவே இல்ல ஆனா அவர் நோட்டு வேற கலர்ல கேக்குது. அந்த இடம் வந்தப்ப கண்ணு கலங்கிடுச்சு எனக்கு. ஏன்னா நாங்க அஞ்சு பேரும் பாதி பாட்டு 'ஸோ'ங்கிற ஒரே நோட்லயே நிக்கிறோம், அதுக்கு என்ன அர்த்தம்னு அன்னைக்குத்தான் காதால கேட்டேன்.

இப்ப நம்ம விஷயத்துக்கு வரேன். போன வருஷம் கேரல் சர்வீஸுக்கு ரெண்டு மாசம் பிராக்டிஸ் பண்ணோம். ஆபீஸ் விட்டு, புள்ளைங்களுக்கு சோறு போட்டுட்டு, கண்டெய்னர் லாரி நடுவுல டூவீலர் ஓட்டிட்டு வந்து பொம்பளைங்க மேல் குரல் சொப்ரானோ, கீழ் குரல் ஆல்டோ, ஆம்பளைங்க மேல் குரல் டெனர், அடிக் குரல் பேஸ்னு நாலு பார்ட்டும், டோ-ரே-மீன்னு எழுதுற சால்ஃபா பாத்து பாத்து கத்துக்கிட்டோம். என் பொண்ணு அன்னைக்கு எடுத்த வீடியோ இன்னும் போன்ல இருக்கு, அதுல கீபோர்டு டிரம்ஸ் கேக்குது, நெட்ல இருந்து எடுத்த டிராக் கேக்குது, முன்னாடி நின்ன சொப்ரானோ ரெண்டு பேர் கேக்குது, எங்க அஞ்சு பேருக்கும் வாய் மட்டும் அசையுது. எங்க மைக்கை இறக்கிட்டாங்கன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது.

சவுண்ட் தம்பிங்க மேல எனக்குக் கோவம் இல்லப்பா, இதை மனசார சொல்றேன். மேல ஷீட்டு, கீழ டைல்ஸ், அந்த ஹால்ல பன்னெண்டு மைக் திறந்து வெச்சா ஸ்பீக்கர் சத்தம் திரும்ப மைக்குக்குள்ள போய் கூவத்தான் செய்யும். திறந்த மைக் ரெண்டு மடங்கா ஆகுற ஒவ்வொரு தடவையும் கூவுறதுக்கு முன்னாடி நமக்குக் கிடைக்கிற சத்தம் 3 டெசிபல் குறையும், இது சவுண்ட் வேலை பாக்குற எல்லாருக்கும் தெரிஞ்ச கணக்கு. அப்ப யார் மைக்கை இறக்குவாங்க, மெலடி பாடுறவங்களதையா இறக்குவாங்க? ஆனா டிராக்கே இல்லன்னா இத்தனை மைக் எதுக்கு? அரைவட்டமா நெருங்கி நின்னு முன்னாடி ரெண்டு மைக் வெச்சா போதும், நாலு பார்ட்டும் நாங்களே பேலன்ஸ் பண்ணிக்குவோம். பக்கத்துல நிக்கிறவ மூச்சு எடுக்குறது காதுல விழுந்தாலே எங்க ஏத்தணும் எங்க இறக்கணும்னு தெரிஞ்சிடும்.

தொண்டை விஷயம் ஒண்ணு இருக்கு, அதையும் சொல்லிடறேன். சுத்தி சத்தம் ஜாஸ்தி ஆனா மனுஷன் தன்னையறியாம குரலை ஏத்துவான், லொம்பார்ட்னு ஒரு பிரான்ஸ் டாக்டர் 1911-லயே எழுதி வெச்சிருக்கார், அவர் பேர்லதான் இதை இன்னைக்கும் சொல்றாங்க. வீடு வீடா போய்ப் பாடுற கேரல் ரவுண்ட்ஸ்ல நமக்கு நடக்குறது அதேதான். குட்டியானை மேல பெரிய பாக்ஸு, பின்னாடி ஜென்செட்டு, அதோட போட்டி போட்டு அஞ்சாறு நைட்டு கத்திட்டு, 25-ஆம் தேதி விடியக்காலை 5 மணி ஆராதனைக்கு வந்து நின்னா யாருக்கும் குரலே இல்ல. பண்டிகை அன்னைக்கு ஆண்டவருக்குக் குடுக்க தொண்டையில காத்து மட்டும்தான் மிச்சம், எனக்கு அது ரொம்ப வலிக்குது. அதுவும் இல்லாம ராத்திரி 10 மணிக்கு மேல தெருவுல ஸ்பீக்கர் வெக்கக்கூடாதுன்னு 2000-ல வந்த ஒலி மாசு விதி இருக்கு, நாம சில வீட்டுக்கு நடுராத்திரி 1 மணிக்குப் போறோம். பக்கத்து வீட்ல கைக்குழந்தை இருக்கும், விடியக்காலைல கடலுக்குப் போறவங்க தூங்குவாங்க.

போன வருஷம் காசிமேட்ல ஒரு வீடு ஞாபகம் இருக்குங்களா? சந்து சின்னது, வண்டி உள்ள போகல, மெயின் ரோட்லயே நின்னுடுச்சு, நாங்க ஒரு ஏழெட்டு பேர் மட்டும் நடந்து உள்ள போனோம். படுத்த படுக்கையா ஒரு பாட்டி. கிட்டார் கூட இல்ல, சும்மா மெல்லிசா ஆரம்பிச்சோம். ரெண்டாவது சரணத்துல பாத்தா பாட்டி உதடு அசையுது, மெலடி இல்ல, ஆல்டோ! சின்ன வயசுல கொயர்ல இருந்தாங்களாம். பாடி முடிச்சதும் எங்களை ஒவ்வொருத்தரா பாத்துட்டு "டெனர் எங்கம்மா காணோம்?"னு கேட்டாங்க. டெனர் எல்லாம் வண்டிகிட்ட நின்னுட்டாங்க பாட்டின்னு சொன்னேன். அடுத்த வருஷம் கூட்டிட்டு வான்னாங்க. அந்த ரவுண்ட்ஸ் பூரா நாம பாடுனது ஒரு ஆளுக்கு நாலு பார்ட்டா போய்ச் சேர்ந்ததுன்னா அது அந்த வீடுதான், அதுவும் ஒரு பார்ட் குறையோட.

இது நாம புதுசா கண்டுபிடிக்கிற விஷயமும் இல்ல. 'சைலண்ட் நைட்' முதன்முதலா பாடுனது 1818 டிசம்பர் 24, ஆஸ்திரியால ஓபர்ன்டார்ஃப்னு ஒரு ஊர் கோயில்ல. உதவி குருவானவர் மோர் கிட்டார் வாசிச்சுக்கிட்டே டெனர் பாடினார், மெட்டுப் போட்ட க்ரூபர் பேஸ் பாடினார், ஒவ்வொரு சரணத்தோட கடைசி வரிகளையும் கொயர் நாலு பார்ட்டா திருப்பிப் பாடுச்சு. அவ்ளோதான். இன்னைக்கு உலகம் பூரா பாடுறாங்க.

நான் கேக்குறது பெருசா ஒண்ணும் இல்ல. வர்ற கேரல் சர்வீஸ்ல மூணே மூணு பாட்டு டிராக் இல்லாம, ரிதம் இல்லாம குடுங்க, கீபோர்டு தம்பி ஆரம்ப நோட்டு மட்டும் குடுத்தா போதும். அதுல ஒண்ணு தமிழ்க் கீர்த்தனையா இருக்கட்டும், நம்ம பெரியவங்க மனப்பாடமா பாடுறது. ரவுண்ட்ஸ்ல தெருமுனை வரைக்கும் பாக்ஸ் ஓடட்டும், பசங்களுக்கு அது சந்தோஷம், கிறிஸ்துமஸ் தாத்தா ஆடணும், எனக்கும் பிடிக்கும், ஆனா வீட்டு வாசலுக்கு வந்தா ஆஃப் பண்ணிட்டு ஒரு கிட்டாரோட பாடுவோம். 10 மணிக்கு மேல பாக்ஸ் வேண்டவே வேண்டாம். கொயர் மாஸ்டர் அண்ணா, சுருதி இறங்கிடும்னு நீங்க பயப்படுறது எனக்குத் தெரியும், இறங்கத்தான் செய்யும், போன வாரம் வீட்ல நாங்க மூணு பேர் பாடிப் பாத்தப்ப அரை சுரம் இறங்கிச்சு. அதுக்குத்தான் அக்டோபர்லயே ஆரம்பிக்கணும்னு சொல்றேன், பார்ட் பார்ட்டா தனியா உக்காந்து, டிராக் போடாம.

அந்த டேக் 6 ஆரம்பிச்ச கதை கேளுங்க. 1980-ல அலபாமால ஓக்வுட் காலேஜ்ல நாலு பசங்களா பாடிட்டு இருந்தாங்க, ஒரு நாள் பாத்ரூம்ல பிராக்டிஸ் பண்ணிட்டு இருக்கும்போது மார்க் கிப்பிள்னு ஒரு பையன் சத்தம் கேட்டு உள்ள வந்து தன் பங்குக்கு ஒரு பார்ட்டைச் சேத்து பாடினான், அப்புறம் அவன் இன்னொருத்தனைக் கூட்டிட்டு வந்தான். நம்ம சண்டே ஸ்கூல் ஹால் பின்னாடி மாடிப்படி இருக்கே, அங்க பாடினா அப்படியே கணீர்னு கேக்கும், நான் தனியா நின்னு பாடிப் பாத்துட்டேன்.

வர்ற சனிக்கிழமை பிராக்டிஸுக்கு அரை மணி நேரம் முன்னாடி, 5:30-க்கு, அந்த மாடிப்படிகிட்ட ஆல்டோ அஞ்சு பேரும் நிப்போம். சொப்ரானோல மூணு பேர் வரேன்னுட்டாங்க, டெனர் ரெண்டு பேர். பேஸ்தான் இன்னும் யாரும் சொல்லல. ஆயர் ஐயா, உங்க குரல் பேஸ்தான்.

இப்படிக்கு,
ஆல்டோ வரிசையில இருந்து உங்க சகோதரி,
தண்டையார்பேட்டை