எல்லாருக்கும் மூச்சு 20

அன்புள்ள நெட்டைக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. என் இரண்டாம் ஆண்டு நர்சிங் பிள்ளைகளுக்கு வார்டு போஸ்டிங், வீட்டில் மாமியாருக்குக் கண் ஆபரேஷன், நடுவில் எனக்கே நான்கு நாள் காய்ச்சல். மாமியாருக்கு இப்போது பார்வை பளிச்சென்று இருக்கிறது. சமையலறை மூலையில் இருக்கும் ஒட்டடை முதற்கொண்டு எல்லாம் அவர் கண்ணில் படுகிறது. அதுதான் இப்போது புதுத் தொல்லை.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். அங்கே இங்கிலாந்தில் உன் வார்டில் நர்சிங் பயிற்சிக்கு வந்திருக்கும் அந்தப் பெண், நோயாளிகளிடம் அத்தனை பிரியமாக இருக்கிறவள், படுக்கைப் புண் வராமல் இருக்க ஒரு பாட்டியைத் திருப்பிப் படுக்க வைக்க வேண்டியதைச் செய்யாமலே இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் திருப்பியதாகச் சார்ட்டில் எழுதிவிட்டாள். மதிப்பீட்டுக் கையெழுத்து நீதான் போட வேண்டும். பெயில் போடுவதா, மன்னித்து விடுவதா என்று கேட்டிருக்கிறாய். இரண்டு மாதத்துக்கு முன்னால் கேட்டிருந்தால் "சந்தேகமே வேண்டாம், பெயில்" என்று ஒரு வரியில் எழுதியிருப்பேன். இப்போது என்னால் அப்படி எழுத முடியவில்லை. காரணத்தைச் சொல்கிறேன், கேள்.

போன மாதம் ஒரு நாள் காலை, ஆண்கள் மெடிக்கல் வார்டு. பிள்ளைகள் வைட்டல்ஸ் (காய்ச்சல், நாடி, மூச்சு, ரத்த அழுத்தம்) எடுத்து, சார்ட்டில் ஏற்றி, லாக் புக்கைக் கொண்டுவந்து வரிசையாக நீட்டுவார்கள். நான் கையெழுத்துப் போட்டுக்கொண்டே போவேன். அன்றைக்குப் பேனா எழுதவில்லை. ஒருத்தி வேறு பேனா எடுத்து வர ஓடினாள். சும்மா நிற்கிறோமே என்று கையில் இருந்த புத்தகத்தைப் படித்தேன். பத்து நோயாளிகள். காய்ச்சல் ஆளுக்கு ஆள் மாறுகிறது, நாடி மாறுகிறது, மூச்சு மட்டும் பத்துப் பேருக்கும் நிமிடத்துக்கு 20. அடுத்தவள் புத்தகத்தை வாங்கினேன். அங்கேயும் 20. மூன்றாவது பெண்ணுக்குக் கொஞ்சம் கற்பனை உண்டு போலிருக்கிறது. 20, 22, 20, 22 என்று கோலம் போட்டிருந்தாள்.

ஜன்னலோரப் படுக்கையில் ஒரு பெரியவர் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கழுத்துக் குழி ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. தூரத்திலிருந்து பார்த்தாலே தெரிந்தது. போய், மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு ஒரு முழு நிமிடம் எண்ணினேன். 30. சார்ட்டில் இரண்டு நாளாக 20. டியூட்டி டாக்டர் வந்தார், எக்ஸ்ரே எடுத்தார்கள், நிமோனியா. நல்ல வேளை, பத்து நாளில் வீட்டுக்கு நடந்தே போனார்.

வைட்டல்ஸுக்கு மதிப்பெண் போட்டு ஆபத்தை முன்கூட்டியே காட்டும் உங்கள் ஊர் நியூஸ் அட்டை எனக்கு நீதானே அனுப்பினாய், ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் 2012-இல் கொண்டுவந்து 2017-இல் திருத்தியது? அந்தக் கணக்கில் மூச்சு 12 முதல் 20 வரை இருந்தால் மதிப்பெண் பூஜ்யம். மதிப்பெண் ஏற ஏற ஆபத்து. 21 ஆனால் 2, 25-ஐத் தொட்டால் 3. ஆள் மோசமாகப் போகிறார் என்பதைப் பல நேரம் மற்றவற்றுக்கு முன்னால் சொல்லிவிடுவது மூச்சுதான். அதைத்தான் நாம் எண்ணாமல் எழுதுகிறோம், அதுவும் யாரும் திரும்பிப் பார்க்காத எண்ணாகப் பார்த்து எழுதுகிறோம். கெட்டிக்காரத்தனத்துக்குக் குறைச்சல் இல்லை.

"ஏன்மா இப்படி?" என்று கேட்டேன். மூவரில் வாயாடி ஒருத்தி பதில் சொன்னாள். "சிஸ்டர்தான் மேடம் சொன்னாங்க, மூச்சை எல்லாம் எண்ணிக்கிட்டிருந்தா வேலை முடியாது, 20 போடுன்னு."

எனக்கு வந்த கோபத்தில் சிஸ்டரைத் தேடிக்கொண்டு போனேன். அவர் ஒரு கையில் ஊசியும் இன்னொரு கையில் இண்டென்ட் புத்தகமுமாக நின்றிருந்தார். நாற்பதுக்கு மேல் நோயாளிகள், இரண்டு சிஸ்டர்கள். போதனை மருத்துவமனையில் மூன்று நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்பது இந்திய நர்சிங் கவுன்சில் சொல்லும் கணக்கு. அவரைப் போய் என்னத்தைக் கேட்பது? திரும்பி வந்துவிட்டேன்.

திரும்பி வரும்போதுதான் அடியே, நம் ஞாபகம் வந்தது. நாமும் எழுதினோமே! நீ 18 கட்சி, நான் 20 கட்சி. ஹாஸ்டலில் ராத்திரி உட்கார்ந்து, "எல்லாருக்கும் ஒரே மாதிரி போடாதே, மாட்டிக்குவோம்" என்று நீ எனக்குப் பாடம் நடத்தியது நினைவிருக்கிறதா?

நம்மை நிறுத்தியது யார்? நம் பழைய இன்சார்ஜ் சிஸ்டர்தான். நெஞ்சில் குத்திய வாட்சைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படுக்கையோரம் நிற்பாரே, அந்தக் காட்சி. நாடி பார்த்து முடித்த பிறகும் கையை விடாமல் பிடித்திருப்பார். மூச்சை எண்ணுகிறோம் என்று தெரிந்தால் நோயாளி மூச்சை மாற்றிவிடுவார், அதனால் இன்னும் நாடிதான் பார்ப்பதுபோல ஒரு பாவனை. நம்மிடம் அவர் இதை விளக்கிச் சொன்னதே இல்லை. நாம் தட்டைத் தூக்கிக்கொண்டு பின்னால் நின்று பார்த்ததுதான். ஒரு மாதம் அவர் பின்னால் நின்றதில், நமக்கும் கை தானாக மணிக்கட்டிலேயே நின்றுவிட்டது.

அவரைத் தெய்வமாக்கவும் நான் தயாராக இல்லை. ஆயாம்மாக்களை அவர் என்ன திட்டுத் திட்டுவார்! நாமும் சிஸ்டர் ஆன முதல் வருடத்தில் அதே குரலில், அதே வார்த்தைகளில் ஆயாம்மாக்களைத் திட்டினோம். அதையும் யாரும் வகுப்பில் சொல்லித்தரவில்லை. நல்லது கெட்டது என்று பிரித்து எடுத்துக்கொள்ளப் பிள்ளைகளுக்குத் தெரியாது, நமக்கும் தெரியவில்லை. மருத்துவக் கல்வியில் இதற்கு மறைமுகப் பாடத்திட்டம் என்று பெயர். ஹாஃபர்ட்டி, ஃபிராங்க்ஸ் என்ற இருவர் 1994-இல் இதைப் பற்றி எழுதிய கட்டுரையை முன்பு படித்து, அடிக்கோடு போட்டு, பிள்ளைகளுக்கும் நடத்தியிருக்கிறேன். நடத்திய கையாலேயே லாக் புக்கிலும் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன்.

அதுதான் என்னை உறுத்துகிறது. சிஸ்டர் சொன்னார், பிள்ளைகள் எழுதினார்கள், சரி. அந்த 20-க்குக் கீழே இருந்தது யார் கையெழுத்து? மாதக் கணக்காக என்னுடையது. பச்சை மையில், தேதியோடு.

2021-இல் வந்த புதிய பாடத்திட்டத்தில் தொழில்நெறிக்கென்றே நான்காம் செமஸ்டரில் தனிப் பாடம் வைத்திருக்கிறார்கள் என்று உனக்கு எழுதியிருந்தேன் அல்லவா? அதற்கும் ஒதுக்கியது 20 மணி நேரம். அந்த எண் நம்மை விடாது போலிருக்கிறது. அதை நடத்துவதும் நான்தான். புரொஃபஷனலிசம் என்பதற்கு 'தொழில்நெறி' என்று போர்டில் எழுதினால் பிள்ளைகள் கொட்டாவி விடுகிறார்கள். 'தொழில் சுத்தம்' என்றால் சட்டென்று புரிந்து சிரிக்கிறார்கள். திருடனுக்குக்கூடத் தொழில் சுத்தம் வேண்டும் என்று ஊரில் சொல்வார்களே.

அந்த வாரம் ஸ்லைடைப் போடவில்லை. லாக் புக்குகளை மேசை மேல் அடுக்கிவைத்து, நடந்ததைச் சொன்னேன். பெரியவருடைய மூச்சு, என் கையெழுத்து, ஹாஸ்டலில் நாம் செய்தது, உன் 18 உட்பட எல்லாவற்றையும். (மன்னித்துக்கொள், உன் பெயரைச் சொல்லவில்லை.) வகுப்பில் சத்தமே இல்லை. நான் அழுதுவிடுவேனோ என்று பயந்தார்களோ என்னவோ. அப்புறம் கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தி எழுந்து, "மேடம், எண்ணணும்னா எதை வச்சு எண்றது?" என்று கேட்டாள்.

எனக்குப் புரியவில்லை. "வாட்சை வைத்துத்தான்."

"எங்க யார்கிட்டயும் வாட்ச் இல்லையே மேடம்."

கைகளைத் தூக்கச் சொன்னேன். முப்பத்திச் சொச்சம் பேரில் நான்கு பேர் கையில் வாட்ச். அதில் இரண்டில் நொடி முள் கிடையாது. மற்றவர்களுக்கு நேரம் பார்க்கப் போன்தான், அந்தப் போனை வார்டுக்குள் எடுத்துவரக் கூடாது என்று உத்தரவு போட்டதும் நாங்கள்தான். வார்டில் ஒரு சுவர்க் கடிகாரம் இருக்கிறது, அது எந்தக் காலத்திலிருந்தோ பத்தே காலில் நிற்கிறது. ஆக, எண்ண வேண்டும் என்று ஒரு பிள்ளை மனதார நினைத்தாலும் எண்ண வழி இல்லை. இத்தனை நாள் அவர்கள் நாடியை எப்படி எடுத்தார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தைரியம் வரவில்லை.

கடிகாரத்துக்கு மறுநாளே செல் வாங்கிப் போட்டேன். இப்போது காலையில் பத்து லாக் புக்கில் கையெழுத்துப் போடும் நேரத்தில், ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு ஒரே ஒரு நோயாளியிடம் போகிறேன். இருவரும் தனித்தனியாக எண்ணித் தனித்தனியாக எழுதிப் பிறகு ஒப்பிட்டுப் பார்க்கிறோம். ஒரு நாள் அவள் 24, நான் 21. மறுபடி எண்ணினோம். அவள் எண்ணியதுதான் சரி, நான் நடுவில் யாரோ கூப்பிட்டதில் கோட்டை விட்டிருக்கிறேன். "நான் தப்பு" என்று அவள் முன்னால் அடித்து, திருத்தி, பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! டீச்சர் தப்பு செய்ததை விட, அதை அடித்துத் திருத்தலாம் என்பதுதான் அவளுக்கு அதிசயம்.

எல்லாம் மாறிவிட்டது என்று நினைத்துவிடாதே. நான் இல்லாத நாளில் 20 திரும்பி வருகிறது. சிஸ்டருக்கும் என் மேல் வருத்தம் உண்டு, அவரைக் காட்டிக்கொடுத்தது போல ஆகிவிட்டதாம். போய்ப் பேசினேன். இன்னும் பாதி முகம்தான் கொடுக்கிறார்.

நீ சொன்ன இன்னொன்றையும் செய்து பார்த்தேன். உங்கள் யார்க்‌ஷயரில் முதியோர் மருத்துவராக இருந்த கேட் கிரேஞ்சர், தானே புற்றுநோயாளியாகி 2013-இல் மருத்துவமனையில் படுத்திருந்தபோது, வருகிறவர்கள் பெயரைக்கூடச் சொல்லாமல் வேலையைச் செய்துவிட்டுப் போனதைப் பார்த்துத்தான் 'ஹலோ, மை நேம் இஸ்' இயக்கத்தைத் தொடங்கினார் என்று எழுதியிருந்தாயே. 2016-இல் இறந்தபோது அவருக்கு வயது 34 என்பதைப் படித்துவிட்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். இங்கே நாம் எல்லாரும் 'சிஸ்டர்', நோயாளிகள் எல்லாரும் 'ஒன்பதாம் பெட்'. ஒரு பாட்டியிடம் போய் என் பெயரைச் சொல்லி, உங்களுக்கு ரத்த அழுத்தம் பார்க்க வந்திருக்கிறேன் என்றேன். அவ்வளவுதான். எந்த ஊர், வீட்டுக்காரர் என்ன செய்கிறார், எத்தனை பிள்ளை, மூத்தவளுக்கு வரன் பார்க்கிறீர்களா என்று கால் மணி நேரம் போயிற்று. யார்க்‌ஷயரில் பாட்டிகள் இப்படிக் கேட்பதில்லையா? ஆனாலும் விடவில்லை, பிள்ளைகள் பெயர் சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள். சில பாட்டிகள் வரன் ஜாதகத்தோடு காத்திருக்கிறார்கள்.

இனி உன் வார்டில் இருக்கும் அந்தப் பெண்ணுக்கு வருகிறேன். தேர்ச்சி பெறக் கூடாத மாணவியைக்கூட வார்டில் இருப்பவர்கள் தேர்ச்சி என்று எழுதி அனுப்பிவிடுகிறார்கள் என்பதை ஸ்காட்லாந்தில் கேத்லீன் டஃபி 2003-இலேயே ஆராய்ந்து சொன்னார். மனசு கேட்காது, வேலை மிகுதி, முன்கூட்டியே எச்சரிக்காமல் விட்டுவிட்ட குற்றவுணர்ச்சி. இந்த மூன்றாவதுதான் உன்னிடமும் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. அமெரிக்காவில் பாப்பதாகிஸ் குழு 2005-இல் வெளியிட்ட ஆய்வு மருத்துவர்களைப் பற்றியது. பின்னாளில் ஒழுங்கு நடவடிக்கைக்கு உள்ளான 235 பேரின் கல்லூரிப் பதிவுகளைப் புரட்டியதில், 39 சதவீதம் பேருக்குப் படிக்கும்போதே நடத்தையில் குறை எழுதப்பட்டிருந்தது. அப்படி மாட்டாதவர்களில் அது 19 சதவீதம். நான் அதில் கவனித்தது வேறு. பொறுப்பில்லாமையோடு, சொல்லிக்காட்டியும் திருத்திக்கொள்ள முடியாத தன்மையும் மிக வலுவான அடையாளமாக இருந்திருக்கிறது.

அதனால் நான் இருந்தால் இப்படிச் செய்வேன். முதலில் அந்த வார்டின் திருப்பும் சார்ட்டுகளை ஒரு வாரத்துக்கு எடுத்துப் பார். எல்லாம் சரியாக இரண்டு, நான்கு, ஆறு என்று மணி அடித்தாற்போல் இருக்கிறதா? நிஜமாகத் திருப்பினால் 2.20, 4.35 என்றுதான் இருக்கும், உனக்கே தெரியும். அப்படி மணி அடித்தாற்போல் இருந்தால் அவள் பாட்டிக்குச் செய்தது தப்பு, ஆனால் எழுதக் கற்றுக்கொடுத்தது உங்கள் வார்டு. அப்புறம் அவளைக் கூட்டிப்போய், பாட்டியின் முதுகையும் குதிகாலையும் காட்டு. அவளோடு சேர்ந்து நீயே திருப்பு, நேரம் எழுது. நடந்ததையும், நீ சொன்னதையும் அவளுடைய மதிப்பீட்டு ஏட்டில் இன்றைக்கே எழுதி வை, அதை மட்டும் தள்ளிப்போடாதே. உங்கள் 2,300 மணி நேரப் பயிற்சியில் அவளுக்கு இன்னும் நாள் மிச்சம் இருக்கிறது அல்லவா? இவ்வளவுக்கும் பிறகு இன்னொரு முறை பொய் நேரம் எழுதினால் பெயில் போடு. அப்போது எனக்குப் போன் பண்ணு, ராத்திரி எந்நேரமானாலும். நீ எப்படியும் அழுவாய்.

மூன்று வருடத்துக்கு ஒரு முறை பதிவைப் புதுப்பிக்க உங்கள் ஊர் நர்சிங் கவுன்சில் கேட்கும் ஐந்து அனுபவக் குறிப்புகளில் நான்குதான் ஆகியிருக்கிறது என்று புலம்பினாயே, ஐந்தாவதுக்கு இதையே எழுது. ஆனால் என் மூச்சுக் கதையை உன் கதையாக எழுதிவிடாதே, 18-காரி.

டிசம்பரில் வருவதாகச் சொல்லியிருக்கிறாய். எனக்குச் சாக்லேட் வேண்டாம், சர்க்கரை எல்லையைத் தாண்டிக்கொண்டிருக்கிறது. சட்டையில் குத்திக்கொள்ளும் வாட்ச், நொடி முள் உள்ளதாக, விலை குறைந்ததாகப் பார்த்து பத்துப் பதினைந்து வாங்கி வா. காசைப் பிள்ளைகளிடம் வசூலித்துத் தருகிறேன், பாதியை நான் போட்டுக்கொள்கிறேன். கூடவே மாமியாருக்கு ஒரு நல்ல கறுப்புக் கண்ணாடி. கொஞ்ச நாளைக்காவது ஒட்டடை தெரியாமல் இருக்கட்டும்.

அன்புடன்,
உன் குட்டை