இஸ்திரி வண்டி அண்ணனுக்கும் மற்ற எல்லாருக்கும்

எங்கள் நாடகக் குழுவின் நண்பர்களுக்கு வணக்கம்.

மழைத் தண்ணீர் எங்கள் ஒத்திகைக் கூடத்துக்குள் புகுந்த அந்த ராத்திரி நடந்ததை இங்கே மறுபடி எழுதப் போவதில்லை. உங்களில் பாதிப் பேர் முழங்கால் அளவு தண்ணீரில் எங்களோடு நின்றவர்கள். மீதிப் பேர் விடிவதற்குள் போன் போட்டு விசாரித்துவிட்டீர்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஒத்திகைக் கூடத்தின் தரை காய்ந்துவிட்டது, சுவரில் ஈர வாடை மட்டும் போக மாட்டேன் என்கிறது. நாடகம் நிற்காது. இதை முதலில் சொல்லிவிட்டு நன்றிக்கு வருகிறேன்.

தட்டி, திரைச்சீலை, விக், உடுப்பெல்லாம் போனதில் எனக்கு அவ்வளவு வருத்தமில்லை. அவையெல்லாம் ஏற்கெனவே பலமுறை ஒட்டுப் போட்டவைதான். என்னை உட்கார வைத்தது அந்த ட்ரங்குப் பெட்டி. குழு தொடங்கிய நாளிலிருந்து போட்ட நாடகங்களின் பிரதிகள் அதில்தான் இருந்தன. நான் பிராம்ப்ட் பண்ணுகிறவன், அதாவது நடிகர்கள் வசனம் மறந்தால் எடுத்துக் கொடுக்கிறவன். அவற்றோடுதான் மேடையின் ஓர மறைவில் நின்று வளர்ந்தேன். பிரதி என்றால் வெறும் வசனம் இல்லை. எந்த வரிக்கு விளக்கு மங்க வேண்டும், யார் எந்தப் பக்கம் நுழைய வேண்டும், எந்த இடத்தில் சிரிப்பு அடங்கும்வரை காத்திருக்க வேண்டும் என்பதெல்லாம் ஓரத்தில் பென்சிலில் இருக்கும். ‘இங்கே கண்ணாடியைத் துடை, அதற்குள் வசனம் ஞாபகம் வரும்’ என்று ஒருவர் தனக்குத்தானே எழுதி வைத்த குறிப்புகூட உண்டு. அவர் இப்போது இல்லை.

மறுநாள் நாங்கள் அந்தத் தாள்களைக் கொடியில் கிளிப் மாட்டித் தொங்க விட்டுக்கொண்டிருந்தோம். தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருக்கும் அண்ணன் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் கிட்டே வந்து, “தம்பி, முழுசாக் காய விட்டா அப்பளமாட்டம் சுருண்டுக்கும். பாதி ஈரத்துல எடுத்து எங்கிட்டக் குடுங்க” என்றார். இத்தனை வருஷமாக அவருக்கும் எங்களுக்கும் இருந்த பழக்கம், நாடகத்துக்கு முந்தின நாள் வேட்டி சட்டை கொடுத்து வாங்கியதோடு சரி.

நான் தயங்கினேன். நெருப்பும் பழைய தாளும் ஒரே மேஜையில் என்றால் யாருக்குத்தான் பயம் வராது? அவர் ஒரு கந்தல் தாளை வாங்கி வெள்ளைத் துணிக்கு அடியில் வைத்தார். இஸ்திரிப் பெட்டியின் தணலைக் கொஞ்சம் எடுத்துவிட்டு ஆற வைத்து, புறங்கைக்குப் பக்கத்தில் பிடித்துச் சூடு பார்த்தார். தேய்க்கவில்லை. வைத்து வைத்து எடுத்தார். துணியை விலக்கினால் தாள் படிந்து கிடந்தது, பால்பாயின்ட் எழுத்து அப்படியே இருந்தது. இங்க் பேனாவில் எழுதிய கட்டுகளை மட்டும் தொட மறுத்துவிட்டார். “இதுக்குச் சூடு ஆகாது. நடுநடுவுல பேப்பர் வச்சு மேல பாரம் ஏத்துங்க. பேப்பரை மாத்திக்கிட்டே இருக்கணும்” என்றார். எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு, “சட்டைப் பையில பேனா கசிஞ்சா எப்படிப் பரவும்னு எனக்குத் தெரியாதா?” என்று சிரித்தார்.

பகலெல்லாம் அவருடைய பிழைப்பு. கடைசித் துணிக்கட்டு போன பிறகு எங்கள் தாள்கள். அவர் மனைவி ஒட்டிப்போன பக்கங்களை வளையல் கையால் மெல்ல ஊதி ஊதிப் பிரித்தார். காசு என்று பேச்செடுத்தால் பேச்சையே மாற்றிவிடுவார்.

ஒரு ராத்திரி அவரே கேட்டார். “அந்த வக்கீல் கடைசியில கோர்ட்டுல உண்மையைச் சொன்னானா, இல்லையா? அந்தப் பக்கம் கிழிஞ்சுபோச்சு.”

தேய்த்துக்கொண்டே படித்திருக்கிறார்!

அந்த வக்கீலாக நடித்த எங்கள் பெரியவர் பக்கத்தில்தான் இருந்தார். அவருக்கு இப்போது முழங்கால் வலி, மேடை ஏறுவதை நிறுத்திவிட்டார். வண்டியின் பலகையைப் பிடித்துக்கொண்டு எழுந்து, அந்தக் கடைசிக் காட்சியை முழுதாகப் பேசிக் காட்டினார். துணி வாங்க வந்தவர்கள் நின்றுவிட்டார்கள். ஒருவர் ஸ்கூட்டரை அணைத்துவிட்டுக் கேட்டார். பெரியவர் ஓர் இடத்தில் தடுமாறினார். நான் வாய் திறப்பதற்குள் அண்ணன் அடுத்த வரியை எடுத்துக் கொடுத்துவிட்டார். என் வேலைக்கு ஆபத்து என்று அப்போதே புரிந்தது. அந்தக் கிழிந்த பக்கத்தின் வசனத்தை அங்கேயே உட்கார்ந்து எழுதிக்கொண்டேன்.

இதற்கு ஏன் இவ்வளவு இடம் என்று கேட்பீர்கள். தமிழில் பயில்முறை நாடகக் குழுக்களின், அதாவது நாடகத்தைத் தொழிலாகக் கொள்ளாதவர்களின் குழுக்களின் கதை பெரும்பாலும் இப்படித் தொலைந்த காகிதங்களின் கதைதான். 1891-ல் சென்னையில் சுகுண விலாச சபை தொடங்கியபோது பம்மல் சம்பந்த முதலியாருக்கு வயது 18. பல்லாரியிலிருந்து வந்த ஒரு சபையின் தெலுங்கு நாடகங்களைப் பார்த்து, படித்து உத்தியோகம் பார்க்கிறவர்களும் மேடை ஏறலாம் என்று கண்டுகொண்டவர் அவர். ‘கூத்தாடி’ என்பது வசைச்சொல்லாக இருந்த காலம். அவர் பின்னால் வக்கீலாகி நீதிபதியும் ஆனார், நாடகத்தை விடவில்லை. அந்தச் சபையைப் பற்றி இன்று இவ்வளவு தெரிகிறதென்றால், அவர் தன் நாடகங்களை அச்சில் கொண்டு வந்ததும், ‘நாடக மேடை நினைவுகள்’ என்று எல்லாவற்றையும் எழுதி வைத்ததும்தான் காரணம். அவருடைய மேடையில் பெண் வேடத்தில் புகழ்பெற்ற ரங்கவடிவேலு நம் கண்ணில் தெரிவதுகூட அந்த எழுத்தால்தான். நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் எழுதியதாகச் சொல்லப்படும் நாடகங்களிலேயே பல கிடைக்கவில்லை என்னும்போது, நம்மைப் போன்றவர்களின் நோட்டுப் புத்தகம் எம்மாத்திரம்?

மற்றவர்களுக்கு வருகிறேன். தங்கள் விளக்குகளையும் டிம்மரையும் வண்டி வைத்து அனுப்பிய பக்கத்து ஊர்க் குழுவுக்கு (போட்டியில் எங்களைத் தோற்கடித்தவர்கள்தான், அதை மன்னித்தோம்), மாலையில் வகுப்பறை திறந்துவிட்ட பள்ளிக்கு, சேறு அள்ளிய கல்லூரிப் பிள்ளைகளுக்கு, ஒயரிங் முழுவதையும் பிரித்துப் பார்த்த எலக்ட்ரீஷியனுக்கு, கூலி வாங்க மாட்டேன் என்ற மேக்கப்காரருக்கு, பேர் சொல்லாமல் பணம் அனுப்பியவர்களுக்கு, வெளிநாட்டிலிருந்து பழைய போட்டோக்களைத் தேடி அனுப்பிய முன்னாள் உறுப்பினர்களுக்கு எல்லாம் தனித்தனியாக நன்றி சொல்ல வேண்டும். சொல்வோம், நேரில்.

எங்களில் யாருக்கும் இது சோறு போடும் தொழில் இல்லை. பேங்க், பள்ளிக்கூடம், ஒர்க்‌ஷாப் முடித்து, வீட்டில் திட்டு வாங்கிக்கொண்டு ஒத்திகைக்கு வருகிறோம். தமிழ் மேடையில் இது புதிதும் இல்லை. கே. பாலசந்தர் ஏ.ஜி. ஆபீசில் (அரசுக் கணக்குகளைப் பார்க்கும் அக்கவுன்டன்ட் ஜெனரல் அலுவலகம்) வேலை பார்த்துக்கொண்டேதான் நாடகம் போட்டார். நாகேஷ் ரயில்வேயில் இருந்தார். 1978-ல் எழுத்தாளர் ஞாநி தொடங்கிய நவீன நாடகக் குழுவான பரீக்‌ஷாவில் நடித்தவர்களும் வேறு வேலை பார்த்தவர்கள்தான். சபாக்களில் போடும் நாடகம் என்றால் வெறும் நகைச்சுவைத் துணுக்குத் தோரணம் என்று உதட்டைப் பிதுக்குகிறவர்கள் உண்டு, நவீன நாடகம் என்றால் புரியாது என்று எழுந்து போகிறவர்களும் உண்டு. இரண்டு பக்கத்திலும் ஆபீஸ் விட்டு ஓடி வந்து நாற்காலி போட்டவர்கள் ஒரே மாதிரி ஆட்கள் என்பது என் எண்ணம்.

தேறிய பிரதிகளை இப்போது ஒவ்வொரு பக்கமாக ஸ்கேன் செய்கிறோம், ஓரக் குறிப்புகளோடு. ஒரு பிரதி கூடத்தில், ஒன்று உறுப்பினர் வீட்டில், ஒன்று நூலகத்தில் என்று முடிவாகிவிட்டது. தட்டச்சு செய்ய ஆள் வேண்டும். மழையில் கலங்கிய கையெழுத்தைப் படிக்கும் பொறுமை இருந்தால் போதும், நடிக்கத் தெரிய வேண்டியதில்லை.

அண்ணனை நாடகத்துக்குக் கூப்பிட்டோம். “சாயங்காலம்தான தம்பி எனக்கு யாவாரம்” என்றார். நாங்கள் மேடை ஏறும் நேரமெல்லாம் அவர் வேலை நேரம், இத்தனை வருஷமும் அப்படித்தான் இருந்திருக்கிறது. அதனால் வக்கீல் நாடகத்தை மறுபடி போடுகிறோம், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அவர் வண்டி மூடியிருக்கும் நேரத்தில், அதே தெருவில். பெரியவர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே நடிக்கச் சம்மதித்துவிட்டார். தேதி முடிவானதும் சொல்கிறோம். வருகிறவர்கள் கொஞ்சம் முன்னாடியே வந்தால் நாற்காலி இறக்க உதவியாக இருக்கும்.