உரிமத்தை மாற்றும் அதிகாரத்தைக் கைவிடுங்கள்: தரவுத்தள நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

மூலநிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும் கட்டற்ற தரவுத்தளங்களைச் சுற்றி நிறுவனம் நடத்துபவர்களுக்கும், அந்த நிறுவனங்களில் பணம் போட்டிருப்பவர்களுக்கும்,

வணக்கம். தரவுத்தளங்களைப் பராமரிப்பது என் பிழைப்பு. நள்ளிரவில் சர்வர் படுத்துவிட்டால் தொலைபேசி மணி அடித்து எழுப்பப்படுகிறவர்களில் நானும் ஒருவன். உங்கள் மென்பொருளை எடுத்து நிறுவியதும், பிழை கண்ட இடத்தை உங்களுக்கு எழுதி அனுப்பியதும், வேலை செய்த இடத்திலெல்லாம் அதைப் பரிந்துரைத்துப் பரப்பியதும் எங்களைப் போன்றவர்கள்தான். அந்த உரிமையில் இந்த மடல்.

2024 மார்ச் 20 அன்று ரெடிஸ் நிறுவனம், 7.4 பதிப்பிலிருந்து ரெடிஸ் பி.எஸ்.டி. உரிமத்தில் வராது என்று அறிவித்தது. யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், மாற்றலாம், விற்கலாம் என்று விடும் தளர்வான உரிமம் அது. இத்தாலியரான சால்வதோரே சான்ஃபிலிப்போ 2009-இல் வெளியிட்ட மென்பொருள் ரெடிஸ். தரவை நினைவகத்திலேயே வைத்துக் கண்ணிமைக்கும் நேரத்தில் எடுத்துக் கொடுப்பதால் உலகெங்கும் பரவியது. கடைத்தளத்தில் உங்கள் கூடையில் இருக்கும் பொருள், செயலியில் உங்கள் உள்நுழைவு, வரிசையில் காத்திருக்கும் வேலைகள் என்று எத்தனையோ இடங்களில் அது ஓடிக்கொண்டிருக்கிறது. 2018-இல் கூடுதல் தொகுதிகளின் உரிமத்தை மாற்றியபோது, மைய நிரல் மட்டும் பி.எஸ்.டி.யிலேயே இருக்கும் என்று இதே நிறுவனம் சொன்னது. நாங்கள் நம்பினோம். அந்த வாக்கு ஆறு ஆண்டுகள்கூட நிற்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததை நீங்கள் ஒவ்வொருவரும் ஊன்றிப் படிக்க வேண்டும். எட்டே நாளில், மார்ச் 28 அன்று, திறந்த மூலத் திட்டங்களுக்கு இடம் தரும் இலாப நோக்கற்ற அமைப்பான லினக்ஸ் ஃபவுண்டேஷனின் கீழ் வால்கீ பிறந்தது. பழைய உரிமத்தில் வெளிவந்திருந்த ரெடிஸ் 7.2.4 பதிப்பை எடுத்து அங்கிருந்து தொடர்ந்தார்கள். அமேசான், கூகுள், ஆரக்கிள், எரிக்சன், ஸ்நாப் ஆகியவை பின்னால் நின்றன. அதே ஆண்டு அக்டோபரில் அமேசான், ரெடிஸை வாடகைக்கு விட்டுவந்த தன் எலாஸ்டிகேஷ் சேவையில் வால்கீயைச் சேர்த்து, ரெடிஸைவிட 20 விழுக்காடு குறைந்த விலைக்குக் கொடுத்தது. எந்தப் போட்டியாளர் ரெடிஸைச் சேவையாக விற்பதைத் தடுக்க உரிமம் மாற்றப்பட்டதோ, அந்தப் போட்டியாளர் கையில் இன்னொரு பொருள் வந்து சேர்ந்தது. 2025 மே மாதம் ரெடிஸ் 8 பதிப்போடு ஏ.ஜி.பி.எல். உரிமத்தையும் ஒரு தெரிவாகக் கொண்டுவந்தார்கள்; நிரலை மாற்றி இணையச் சேவையாக நடத்துபவர் அந்த மாற்றங்களின் மூலநிரலையும் தர வேண்டும் என்னும் திறந்த மூல உரிமம் அது. சான்ஃபிலிப்போவும் அதற்குள் நிறுவனத்துக்குத் திரும்பியிருந்தார். அதை நான் மனதார வரவேற்கிறேன். ஆனால் பிரிந்து போனவர்கள் திரும்பி வரவில்லை.

எலாஸ்டிக்கின் கதையும் இதேதான். 2021-இல் எலாஸ்டிக்சர்ச் என்ற தங்கள் தேடல் மென்பொருளின் உரிமத்தை மாற்றினார்கள், அதன் பழைய நிரலிலிருந்து ஓப்பன்சர்ச் என்று தனித் திட்டம் பிரிந்தது. 2024-இல் ஏ.ஜி.பி.எல்.லோடு திரும்பினார்கள். அடுத்த மாதமே ஓப்பன்சர்ச் லினக்ஸ் ஃபவுண்டேஷனின் கீழ் போய் நிலைபெற்றுவிட்டது.

உங்கள் ஆதங்கம் எனக்குப் புரிகிறது. மென்பொருளை எழுதும் செலவு உங்களுடையது. பெரிய கிளவுட் நிறுவனம் அதைத் தன் சர்வரில் ஏற்றி, மாத வாடகைக்கு விட்டுச் சம்பாதிக்கிறது. அந்த வருமானத்தில் உங்களுக்கு எதுவும் வர வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. இதில் நியாயம் இல்லை என்று நீங்கள் சொன்னால் நான் மறுக்கமாட்டேன்.

ஆனாலும் ‘அவர்கள் எடுப்பார்கள், கொடுக்கமாட்டார்கள்’ என்று ஒரே அடியாகச் சொல்வது ரெடிஸ் விஷயத்தில் பொருந்தாது. 2020-இல் சான்ஃபிலிப்போ விலகியபோது ரெடிஸை நடத்திச்செல்ல அமைக்கப்பட்ட ஐவர் குழுவில் ஒருவர் அமேசானைச் சேர்ந்தவர், இன்னொருவர் அலிபாபாவைச் சேர்ந்தவர். எடுத்தவர்களே உள்ளே உட்கார்ந்து எழுதிக்கொண்டும் இருந்தார்கள். அதனால்தான் வால்கீயால் எட்டு நாளில் எழுந்து நிற்க முடிந்தது. நிரலை உள்ளும் புறமும் அறிந்தவர்கள் வெளியே இருந்தார்கள்.

மோங்கோடிபி என்ற தரவுத்தளத்தை எதிர்வாதமாகக் காட்டுவீர்கள். 2018 அக்டோபரில் அது எஸ்.எஸ்.பி.எல். உரிமத்துக்கு மாறியது. மென்பொருளைச் சேவையாக விற்பவர் காப்புப்பிரதி எடுக்கும் நிரல், கண்காணிப்பு நிரல், நிர்வாகத் திரை வரை அந்தச் சேவையை நடத்தும் எல்லாவற்றின் மூலநிரலையும் வெளியிட வேண்டும் என்கிறது அந்த உரிமம். எது திறந்த மூல உரிமம் என்று அங்கீகரிக்கும் திறந்த மூல முனைப்பகம் அதை ஏற்கவில்லை. 2019 மார்ச்சில் மோங்கோடிபி தன் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. இவ்வளவுக்குப் பிறகும் நிறுவனம் நன்றாக வளர்ந்ததே என்பீர்கள். வளர்ந்தது, உண்மை. அதை வளர்த்தது அட்லஸ் என்ற அவர்களுடைய சொந்தக் கிளவுட் சேவை. உரிமம் மாறுவதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே, 2016-இல், அது வந்துவிட்டது. இன்று வருமானத்தின் பெரும்பகுதி அதிலிருந்துதான் வருகிறது. உரிமம் அமேசானைத் தடுத்ததா? 2019 ஜனவரியில் அமேசான் டாக்குமெண்ட்டிபி வந்தது. மோங்கோடிபியின் நிரலைக் கொண்டு அது எழுதப்படவில்லை, மோங்கோடிபியின் மொழியைப் பேச மட்டும் செய்கிறது. சொந்தமாக எழுதிக்கொள்ளும் பொறியாளர் படை உள்ளவரை எந்த உரிமமும் நிறுத்தாது. வழக்கறிஞர் வைத்துக்கொள்ள வசதியில்லாத சின்ன ஹோஸ்டிங் கடைக்காரரும், தன்னார்வலர்கள் நடத்தும் லினக்ஸ் வழங்கல்களும்தான் பாதிக்கப்பட்டார்கள். அத்தகைய வழங்கல்களான டெபியனும் ஃபெடோராவும் மோங்கோடிபியைத் தங்கள் களஞ்சியத்திலிருந்து எடுத்துவிட்டன.

இன்னொன்றும் கவனித்தேன். ஒருமுறை மாற்றியவருக்கு இரண்டாம் முறை மாற்றுவது எளிதாகிவிடுகிறது. காக்ரோச்டிபி என்ற தரவுத்தளம் 2019-இல், பி.எஸ்.டி. போலத் தளர்வான அப்பாச்சி உரிமத்தை விட்டது. 2024-இல் இலவச மையப் பதிப்பையே நிறுத்தி, ஆண்டு வருமானம் ஒரு கோடி டாலருக்கு மேல் உள்ள நிறுவனங்கள் காசு கட்ட வேண்டும் என்றது.

இந்தக் காலம் முழுவதும் போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளம் என்ன செய்துகொண்டிருந்தது என்று பாருங்கள். 1986-இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் தொடங்கிய ஆய்வு. 1996-இல் போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்ற இன்றைய முழுப்பெயர் வந்தது. அதன் உரிமமும் பி.எஸ்.டி. போலத் தளர்வானதுதான், யார் வேண்டுமானாலும் எடுத்து மூடிய பொருளாக விற்கலாம், பலரும் விற்கிறார்கள். அமேசானின் அரோரா இருக்கிறது, கூகுளின் அலாய்டிபி இருக்கிறது. 2025 மே மாதம் டேட்டாபிரிக்ஸ் நிறுவனம் நியான் என்ற போஸ்ட்கிரெஸ் நிறுவனத்தைச் சுமார் 100 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. அடுத்த மாதமே ஸ்னோஃப்ளேக் நிறுவனம் இன்னொரு போஸ்ட்கிரெஸ் நிறுவனமான க்ரஞ்சி டேட்டாவை வாங்குவதாகச் சொன்னது. இவ்வளவு பணமும் இவ்வளவு போட்டியும் சுற்றிக் கொதிக்கும்போதும் நான் ஓட்டும் போஸ்ட்கிரெஸின் உரிமத்தில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. மாற்றும் அதிகாரம் எந்தத் தனி நிறுவனத்திடமும் இல்லை. மையக் குழுவில் பாதிக்கு மேற்பட்டவர்கள் ஒரே நிறுவனத்தைச் சேர்ந்தவர்களாக இருக்கக் கூடாது என்பது அங்கே வழக்கம். 2020-இல் ஈ.டி.பி. என்ற போஸ்ட்கிரெஸ் நிறுவனம், இன்னொரு போஸ்ட்கிரெஸ் நிறுவனமான செகண்ட்குவாட்ரன்ட்டை வாங்கியபோது அந்தக் கணக்கு இடறியது. சில வாரங்களிலேயே வெளியிலிருந்து புதியவர்களைச் சேர்த்துச் சரிசெய்தார்கள். கூச்சலும் இல்லை, பிரிவினையும் இல்லை. தொழில்நுட்பத்தைவிட இந்த ஏற்பாட்டைத்தான் நான் வியக்கிறேன்.

பழைய திட்டத்துக்குத்தான் இது வாய்க்கும் என்று சொல்லாதீர்கள். ஆம்ஸ்டர்டாமில் பிறந்த டக்டிபி நேற்று வந்த பிள்ளை. அதன் அறிவுசார் சொத்தை ஓர் அறக்கட்டளை வைத்திருக்கிறது; அதைச் சுற்றிச் சேவை விற்கும் நிறுவனம் தனியாக இயங்குகிறது. முதலாளி மாறினாலும் மூலநிரலின் கதி மாறாது.

முதலீட்டாளர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். மைஎஸ்கியூஎல் என்ற திறந்த மூலத் தரவுத்தளத்தை 2008-இல் சன் நிறுவனம் 100 கோடி டாலருக்கு வாங்கியது. சன்னை ஆரக்கிள் விழுங்கப் போனபோது, ஐரோப்பிய ஆணையத்தைச் சமாதானப்படுத்த 2009 டிசம்பரில் ஆரக்கிள் மைஎஸ்கியூஎல் பற்றிப் பத்து வாக்குறுதிகளைக் கொடுத்தது. அவற்றுக்கு ஐந்து ஆண்டுக் கெடு. மைஎஸ்கியூஎல்லை உருவாக்கியவர்களில் ஒருவரான மோன்டி விடேனியஸ் அந்த வாக்குறுதிகளுக்காகக் காத்திருக்கவே இல்லை, அவை வருவதற்கு முன்பே மரியாடிபி என்று தனியே தொடங்கிவிட்டார். ஒரு நிறுவனத்தின் நல்லெண்ணத்தை நாங்கள் எவ்வளவு நாளைக்குக் கணக்கில் எடுக்கிறோம் என்பதற்கு அது ஒன்றே போதும். நீங்கள் பங்குச் சந்தைக்குப் போவீர்கள், விற்றுவிட்டு வெளியேறுவீர்கள். அது உங்கள் தொழில். ஆனால் நாங்கள் ஒரு தரவுத்தளத்தைத் தேர்ந்தெடுத்தால் பத்துப் பதினைந்து ஆண்டுகள் அதோடு குடித்தனம் நடத்துகிறோம். அதில் கிடக்கும் சம்பளப் பட்டியலையும் நோயாளிக் குறிப்பையும் ஒரு வாரத்தில் வேறொன்றுக்குத் தூக்கிப் போக முடியாது. ரெடிஸ் அறிவிப்பு வந்த வாரம் எங்கள் தொழில்நுட்பக் கூட்டத்தில் வழக்கறிஞர்கள் வந்து உட்கார்ந்தார்கள். இப்போது புதிய தரவுத்தளம் எதைப் பற்றிப் பேச்சு வந்தாலும், வேகம் எவ்வளவு என்று கேட்பதற்கு முன்பே உரிமம் யார் கையில் என்று கேட்கிறார்கள். உங்கள் விற்பனைக் குழுவிடம் விசாரியுங்கள், இதையே சொல்வார்கள்.

மூடிய மென்பொருள் விற்பது குற்றம் என்று நான் எண்ணவில்லை. ஆரக்கிளும் மைக்ரோசாஃப்ட்டும் தங்கள் பொருளை அப்படித்தான் விற்கின்றன. விலையும் நிபந்தனையும் முதல் நாளே தெரியும். நான்கு ஆண்டு கழித்துத் திறக்கும் பி.எஸ்.எல். உரிமத்தோடு முதல் பதிப்பிலிருந்தே வருகிறீர்களா, தாராளமாக வாருங்கள். திறந்த மூலம் என்ற பெயரில் ஊரையே கூட்டித் தேரை நிலைக்கு இழுத்து வரச் செய்துவிட்டு, வந்தபின் வடத்தை அறுப்பதைத்தான் எதிர்க்கிறேன்.

ஆகவே கேட்பது இதுதான். வெளியார் ஒருவரின் முதல் திருத்தத்தை ஏற்பதற்கு முன்பே, பெயரையும் மூலக் களஞ்சியத்தையும் உங்கள் கையை மீறிய ஓர் அறக்கட்டளையிடம் ஒப்படையுங்கள். ஏற்கெனவே ஆயிரம் பேரிடம் திருத்தம் வாங்கியாகிவிட்டது என்றால் இந்த ஆண்டே ஒப்படையுங்கள். பங்களிப்பாளரிடம் கையெழுத்து வாங்கும் ஒப்பந்தத்தில், உரிமத்தை உங்கள் விருப்பப்படி மாற்றிக்கொள்ள இடம் தரும் பிரிவு இருந்தால் அதை நீக்குங்கள். இரண்டுக்கும் மனமில்லையென்றால், உரிமம் எப்போது வேண்டுமானாலும் மாறலாம் என்றும், மாறினால் பழைய பதிப்புக்கு எத்தனை ஆண்டுகள் பாதுகாப்புத் திருத்தங்கள் பழைய உரிமத்திலேயே வரும் என்றும், பதிவிறக்கும் பக்கத்திலேயே எழுதிவையுங்கள். நிறுவுவதற்கு முன் படித்துவிட்டு நாங்கள் முடிவுசெய்துகொள்கிறோம்.

இப்படிக்கு,
உங்கள் தரவுத்தளங்களை இரவும் பகலும் ஓட்டிக்கொண்டிருக்கும் ஒருவன்