மாதிரிக் குப்பியில் தேதியும் ஊரும் சரியாக இருக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

தொற்று பரவும்போதெல்லாம் ‘மாதிரிகள் மரபணுப் பகுப்பாய்வுக்கு அனுப்பப்பட்டன’ என்று செய்தி வருகிறது. அனுப்பிவிட்டால் மட்டும் நோய் எந்த ஊரிலிருந்து எங்கே போனது என்று தெரிந்துவிடாது.

கொரோனா வைரஸின் மரபணு ஏறக்குறைய 30,000 எழுத்து (மரபணுவின் அடிப்படை அலகு) நீளம். மாதத்துக்குச் சுமார் 2 எழுத்துகளே மாறும். அதற்குள் தொற்று ஐந்தாறு பேரைக் கடந்திருக்கும்; பலரிடம் அந்த எழுத்துகளின் வரிசை அச்சு அசலாக ஒன்றாகவே இருக்கும். யாரிடமிருந்து யாருக்கு என்பதைப் பிரித்தறிய மக்கள் நடமாட்டத் தகவலும் வேண்டும்.

மேற்கு ஆப்பிரிக்காவில் 2013 முதல் 2016 வரை எபோலா 11,300 பேருக்கு மேல் பலிகொண்டது. அங்கே திரட்டிய 1,610 மரபணு வரிசைகளை மக்கள்தொகை, இடைத்தூரம், நாட்டெல்லை ஆகியவற்றோடு பொருத்திப் பார்த்தார்கள். மக்கள் அதிகமுள்ள இடங்களுக்கிடையே, அதுவும் பக்கத்துப் பகுதிகளுக்கே, வைரஸ் அதிகம் போயிருந்தது. எல்லையை மூடியதில் பலன் உண்டு. ஆனால் மூடுவதற்குள் கினியாவிலிருந்து சியரா லியோனுக்கும் லைபீரியாவுக்கும் அது நுழைந்துவிட்டது. மக்கள் நடமாட்டத்தைக் காட்டும் செல்பேசிப் பதிவுகளோ உரிய நேரத்தில் கிடைக்கவில்லை. செனகல், ஐவரி கோஸ்ட் நாடுகளின் பழைய பதிவுகளைக் கொண்டு உத்தேசமாகக் கணிக்க வேண்டியதாயிற்று.

பிழை பெரும்பாலும் மாதிரியோடு அனுப்பும் படிவத்திலேயே தொடங்குகிறது. மாதிரி எடுத்த தேதிக்குப் பதில் ஆய்வகத்துக்கு வந்த தேதியை எழுதிவிடுகிறார்கள். நோயாளியின் ஊர் இருக்க வேண்டிய இடத்தில் மருத்துவமனை இருக்கும் ஊர். தேதி ஒரு மாதம் தவறினால் இரண்டு மாற்றங்களுக்கான கணக்கு தவறுகிறது. சிடி மதிப்பு (பிசிஆர் சோதனையில் எத்தனையாவது சுழற்சியில் வைரஸ் தென்படுகிறது என்ற எண்) 30-ஐத் தாண்டிய மாதிரிகளில் வைரஸ் குறைவு. வரிசை இடையிடையே விடுபட்டுப்போகும். விடுபட்ட இடத்தை ‘மாற்றமில்லை’ என்று எடுத்துக்கொள்வது பெரிய தவறு.

இன்னொன்று: எந்த மாவட்டம் அதிக மாதிரி அனுப்புகிறதோ, அதுவே நோயின் ஊற்றுபோல, எந்த வைரஸ் எதிலிருந்து கிளைத்தது என்று காட்டும் வம்சாவளிப் படத்தில் தெரியும். ஆகவே வாராவாரம் ஒவ்வொரு மாவட்டத்திலும் உறுதியான தொற்றுகளிலிருந்து குலுக்கல் முறையில் மாதிரி எடுக்க வேண்டும். கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களை மட்டும் பொறுக்கி அனுப்பக் கூடாது.

செல்பேசித் தகவலிலும் கவனம் தேவை. இரண்டு சிம் வைத்திருப்பவர் இருவராகிவிடுவார். செல்பேசி இல்லாத முதியவர் கணக்கிலேயே வரமாட்டார். தனிநபர் எண் எதுவும் தேவையில்லை. ஒரு தாலுகாவிலிருந்து இன்னொன்றுக்கு நாளொன்றுக்கு எத்தனை பயணம் என்ற தொகை போதும். அதைத் தருவதற்கான ஒப்பந்தத்தைத் தொலைத்தொடர்பு நிறுவனங்களோடு அரசு இப்போதே, நோய் இல்லாத காலத்திலேயே, போட்டுவைக்க வேண்டும்.

ஆய்வக ஊழியர்கள் சிலர்,
சென்னை